பழைய வாகனம், பழைய சட்டம்

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலையில் இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தின் வீதிகளில் ஓடும் கார்கள் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்குவதில்லை. சீனக்குடாப் பக்கம் கோதுமையும் எரிபொருளும் சீமெந்துக்கான மூலப்பொருளும் வருகின்றன. ஜப்பானில் ஏலத்தில் எடுத்த வாகனங்களோ கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும்தான் கப்பலைவிட்டு இறங்குகின்றன. அங்கே சில வருடம் ஓடி, குருநாகல், கண்டி என்று ஒன்றிரண்டு கை மாறி, ஹபரணை வழியாக ஏ6 வீதியில் கிழக்கே வந்து சேரும்போது அந்த வாகனத்தின் முதல் சொந்தக்காரர் யார், எங்கே அடிபட்டது, மீற்றர் எத்தனை தரம் திருத்தப்பட்டது என்பதெல்லாம் வழியிலேயே தொலைந்துபோயிருக்கும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே சுற்றிச் சுற்றி விற்கப்பட்டன. பத்து வருடம் ஓடிய கார், வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போனது. இப்படிப்பட்ட சந்தையில் பழுதான வாகனம் ஒன்று ஒருவரின் தலையில் கட்டப்பட்டால் சட்டம் அவருக்கு என்ன தருகிறது?

ஒன்றுமில்லை என்பதுதான் பொதுவான எண்ணம். அது சரியல்ல. இலங்கைச் சட்டம் வாங்குபவருக்குத் தரும் உரிமைகள், திருகோணமலை அனுராதபுரச் சந்தியிலோ கிண்ணியாவிலோ வாகனம் பேரம் பேசும் ஒருவர் நினைப்பதைவிட அதிகம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த உரிமையைக் காட்டிப் பணத்தைத் திருப்பி வாங்குவதற்கு என்ன சான்று தேவையோ, அதை இந்தச் சந்தையின் பழக்கமே கொடுக்கல் வாங்கல் நடக்கும் நேரத்திலேயே அழித்துவிடுகிறது. ஆகவே இன்னொரு உரிமையை எழுதிச் சேர்ப்பதால் பெரிய பயன் வராது. சான்றை யார் வைத்திருக்க வேண்டும், யார் நிரூபிக்க வேண்டும் என்ற இடத்தில்தான் சீர்திருத்தம் தொடங்க வேண்டும்.

அடிப்படைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம். அதற்கு மூன்று வருடம் முன்பு பிரித்தானியாவில் வந்த 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து எழுதியது. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும், பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும், வியாபாரி விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்திலும், வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி வியாபாரியின் அறிவை நம்பினால் அந்தத் தேவைக்குத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அடங்கியிருப்பதாக அது கொள்கிறது. கட்டளைச்சட்டம் பேசாத இடத்தில் ஆங்கிலச் சட்ட விதிகளே பொருந்தும் என்பதால் ஆங்கில நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் இங்கே வாதத்துக்கு வருகின்றன. 1965இல் பார்ட்லெட் எதிர் சிட்னி மார்கஸ் வழக்கில் டெனிங் பிரபு பழைய காருக்கு ஓர் அளவுகோல் சொன்னார்: புதிய காரின் நிறைவு அதில் இருக்கத் தேவையில்லை, ஆனால் வீதியில் பாதுகாப்பாக ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார். கிளட்ச் கோளாறு முன்பே சொல்லப்பட்டு விலையும் குறைக்கப்பட்டிருந்தது. பத்து வருடம் கழித்து வந்த குரௌதர் எதிர் ஷனன் மோட்டார் வழக்கில் 82,000 மைல் ஓடிய ஜாகுவார், வாங்கி மூன்று வாரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அங்கே வாங்கியவர் வென்றார். இத்தனை சீக்கிரம் செத்த எஞ்சின் விற்ற அன்றே செத்துக்கொண்டிருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நியாயமான ஒரு கோடு தெரிகிறது. தேய்மானம் வாங்குபவரின் பாடு, மறைந்திருந்த கேடு வியாபாரியின் பாடு.

இந்தக் கட்டளைச்சட்டத்துக்குள் ஒரு பழைய முள்ளும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளின் உடைமை வாங்குபவருக்கு மாறிவிட்டால், நிபந்தனை மீறப்பட்டாலும் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டஈடு மட்டுமே கேட்கலாம் என்பது 1893ஆம் ஆண்டு ஆங்கில விதி. பழைய கார் என்றாலே ‘குறிப்பிட்ட பொருள்’தான், அதைப்போல இன்னொன்று கிடையாது. உடைமையோ வழக்கமாக ஒப்பந்தம் முடிந்த கணமே மாறிவிடும். ஆகவே இந்த விதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், பழைய கார் வாங்கிய எவரும் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைக் கைகுலுக்கும்போதே இழந்துவிடுகிறார். இங்கிலாந்து 1967இல் இதைத் திருத்தியது. 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் எழுதியது. நாம் கடன் வாங்கிய சட்டத்தைக் கடன் கொடுத்தவரே தூக்கி எறிந்த பின்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. 1896க்கு முன் இங்கே பொருள் விற்பனையை ஆண்டது ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி மறைந்திருந்த குறைக்கு விற்பவர் பொறுப்பு. குறை அவருக்கே தெரியாமல் இருந்தாலும், அவர் வியாபாரியாக இல்லாவிட்டாலும், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். இந்த விதி பிறந்தது பண்டைய ரோமின் சந்தையில், அடிமைகளையும் சுமை இழுக்கும் விலங்குகளையும் விற்றவர்களின் புரட்டை அடக்க. இன்று இலங்கையில் அசையும் பொருளை ஆங்கிலச் சட்டமும் அசையாச் சொத்தை ரோமன் டச்சுச் சட்டமும் ஆள்கின்றன. விளைவு: நிலாவெளியில் வீடு வாங்கியவருக்கு மறைகுறைக்கு எதிரான அந்தப் பழைய பாதுகாப்பு இருக்கிறது, மாட்டுச் சந்தைக்கென்று செய்த சட்டம், மாட்டு வண்டியின் இடத்தைப் பிடித்த வாகனத்துக்குக் கிடையாது. இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. ஆனாலும் நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு மேலாக யாரும் தட்டிக் கேட்கவும் இல்லை.

பிற்காலச் சட்டங்கள் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தன. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், வியாபாரி ஒருவர் சாதாரணப் பாவனையாளரிடம் ‘எதற்கும் நான் பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்கித் தப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. பற்றுச்சீட்டின் அடியில் ‘பார்த்துத் திருப்தியுடன் எடுத்தேன்’ என்று ரப்பர் முத்திரை குத்தினால் கதை முடிந்தது என்று நினைக்கும் விற்பனை நிலையங்கள் அந்தச் சட்டத்தை ஒரு தரம் வாசிப்பது நல்லது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இன்னும் நேரடியானது. வியாபாரத்தில் ஏமாற்று நடத்தையையும் தரத்தைப் பற்றிய பொய்க் கூற்றையும் அது தடை செய்கிறது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். விசாரணைக்குப் பின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றை அதிகாரசபை கட்டளையிடலாம். சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. மீற்றரைத் திருப்பி விற்றது வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்று காட்ட முடிந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் மோசடிக் குற்றமும் இருக்கிறது. ஆனால் பொலிஸில் இத்தகைய முறைப்பாடு ‘இது சிவில் விசயம்’ என்ற பதிலோடு திரும்புவதுதான் அதிகம்.

இத்தனை இருந்தும் ஏன் பலன் இல்லை? விற்பனை நடக்கும் மேசையை நெருங்கிப் பார்த்தால் விளங்கும். மேசையில் இருப்பது பதிவுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் ‘புத்தகம்’ என்று சொல்வது. அதோடு உடைமை மாற்றப் படிவம். படிவத்தின் அடியில் பதிவுபெற்ற சொந்தக்காரரின் கையொப்பம் இருக்கும். வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமை. திகதியும் வெறுமை. கூடவே சொந்தக்காரரின் அடையாள அட்டைப் பிரதி ஒன்று. இதுதான் ஓப்பன் பேப்பர். மோட்டார் வாகனச் சட்டப்படி கை மாறியதை 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஓப்பன் பேப்பரில் அந்தப் பதினான்கு நாள் தொடங்குவதே இல்லை, ஏனென்றால் திகதியே இல்லை. கொழும்புக்காரர் கையொப்பமிட்டுக் கொடுத்த அந்தத் தாளோடு வாகனம் புரோக்கர் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க் கடைசியில் தம்பலகாமத்து விவசாயி ஒருவரின் கைக்கு வருகிறது. அவர் பணம் கொடுத்தது புரோக்கரிடம். புரோக்கரின் பெயரோ எந்தத் தாளிலும் இல்லை. தாளில் பெயர் உள்ள கொழும்புக்காரரை இவர் கண்டதே இல்லை.

இந்த ஒரு வெற்றிடம் சட்டத்தின் வாசல்களை ஒவ்வொன்றாக மூடிவிடுகிறது. விற்கத்தக்க தரம் என்ற நிபந்தனை அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரிக்கு மட்டுமே உரியது. தன் சொந்தக் காரை விற்கும் தனியாளுக்கு இல்லை. பாவனையாளர் சட்டமும் வியாபாரியைத்தான் பிடிக்கிறது. ஆங்கிலத் தீர்ப்புகளில் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1957இன் ஒஸ்கார் செஸ் வழக்கில் தனியாள் ஒருவர், பதிவுப் புத்தகத்தை நம்பி, 1939ஆம் ஆண்டுக் காரை 1948ஆம் ஆண்டுக் கார் என்று விற்றார். அவர் பொறுப்பாளி ஆகவில்லை. 1965இன் டிக் பென்ட்லி வழக்கில் எஞ்சின் 20,000 மைல்தான் ஓடியது என்று பொய்யான கணக்குச் சொன்ன வியாபாரி பொறுப்பாளி ஆனார், ஏனென்றால் உண்மையைத் தேடி அறியும் நிலையில் அவர் இருந்தார். நியாயமான வேறுபாடுதான். ஆனால் ஓப்பன் பேப்பர் அதைத் தலைகீழாக்குகிறது. வியாபாரம் செய்தவர் தாளில் மறைந்துவிட, வியாபாரி அல்லாத ஒருவர் விற்பவராக நிற்கிறார். அறிந்தவர் தப்புகிறார். அறியாதவர் மீது வழக்குப் போட்டாலும் பயன் இல்லை.

அடுத்தது காலம். அதிகாரசபைக்கு முறையிட விற்பனை நாளிலிருந்து மூன்று மாதம்தான். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் மாவட்ட நீதிமன்றம் போக 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் ஆறு வருடமும், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடமும் தருகிறது. ஆக, செலவான வழிக்கு வருடக்கணக்கில் அவகாசம், ஏழைக்கென்று திறந்த வழிக்கு மூன்று மாதம். கரையோர மாவட்டத்தில் இந்த மூன்று மாதம் எவ்வளவு குறைவு என்பதற்கு வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் நல்ல எடுத்துக்காட்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளம் பல மாவட்டங்களில் வாகனங்களை மூழ்கடித்தது. மூழ்கிய காரைக் கழுவிக் காயவைத்து இருக்கை உறை மாற்றினால் பார்வைக்குப் பழுது தெரியாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கோடு தெரியலாம். கால்விரிப்பைத் தூக்கினால் இருக்கை ஆணிகளில் துரு இருக்கலாம். வயர் முனைகளில் பச்சை பூத்துக் கணினிப் பெட்டி குழம்பத் தொடங்குவது மாதங்கள் கழித்து. உப்புநீர் என்றால் கேடு இன்னும் ஆழம். அதற்குள் முறைப்பாட்டுக் காலம் கடந்திருக்கும். ஹைபிரிட் பற்றரியும் அப்படித்தான். பலவீனமான ஒரு செல்லை மாற்றி எச்சரிக்கை விளக்கை அணைத்தால் விற்பனை நாளில் எல்லாம் சுகம்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்பார் சிலர். 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனை வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையானது. அது வெளியேறும் புகையை அளக்கிறது. பிரேக்கையும் செசியையும் அது பார்ப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் கேட்கும் தகுதிச் சான்றிதழ் தனியார் காருக்குக் கேட்கப்படுவதில்லை. புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், உற்பத்தி ஆண்டு எல்லாம் உண்டு. இந்த வாகனம் ஒருமுறை முழு நட்டமாகக் கணக்கிடப்பட்டுக் காப்புறுதி நிறுவனத்தால் ஏலத்தில் விற்கப்பட்டது என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

வாகனத்தை நிபுணர் ஒருவர் பார்த்துத் தாளில் எழுதும் ஒரே தருணம் லீசிங்கில் வருகிறது. 2009க்குப் பின் பாதைகள் திறந்து கிண்ணியாப் பாலமும் வந்தபோது லீசிங் கம்பனிகளும் கிழக்கே வந்தன. பாவித்த வாகனத்துக்குக் கடன் கேட்டால் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். மதிப்பீட்டாளர் வாகனத்தைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, இலக்கங்களை ஒப்பிட்டு, சந்தைப் பெறுமதி எழுதுகிறார். கட்டணம் பெரும்பாலும் வாங்குபவர் தலையில். ஆனால் அறிக்கையின் நோக்கம் கம்பனியின் கடனுக்கு வாகனம் ஈடு நிற்குமா என்பது மட்டும். புத்தகத்தில் முழுமையான சொந்தக்காரராகப் பதிவது கம்பனி. வாகனம் கராஜில் கிடந்தாலும் தவணை கட்டத்தான் வேண்டும்; இல்லையென்றால் சீஸ் பண்ண ஆள் வரும். ஒப்பந்தம் பல வேளை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில், தமிழே நிர்வாக மொழியாக உள்ள மாகாணத்தில், வாசிக்க முடியாத தாளில் கையொப்பமிடுவது வழமையாகிவிட்டது. வாங்குபவர் காசு கொடுத்துச் செய்த பரிசோதனையின் பயன் எல்லோருக்கும் போகிறது, அவருக்கு மட்டும் இல்லை.

மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது மிகப் பழையது: வாங்குபவன் பார்த்து வாங்க வேண்டும், கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் தீராதா? பார்க்கக்கூடியதைப் பார்க்கத்தான் வேண்டும். வாங்குபவர் பரிசோதித்திருந்தால் அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல என்று கட்டளைச்சட்டமும் சொல்கிறது. ஆனால் கராஜ் பாஸின் கண்ணும் காதும் பெற்றோல் எஞ்சின் காலத்துக்குப் போதுமாக இருந்தன. மீற்றரின் எண் இன்று கணினியில் இருக்கிறது, கியரின் நலம் மென்பொருளில் இருக்கிறது. விற்பவருக்கு வாகனத்தோடு பல மாதம், வாங்குபவருக்கு ஒரு பிற்பகல். இரண்டையும் சமமென்று வைப்பது நியாயமில்லை.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் பேசுகிறது: பழைய வாகனம் மலிவு, அந்த மலிவே ஆபத்துக்கான ஈடு. விலை குறைந்தது குறை தெரிந்ததால் என்றால் ஒப்புக்கொள்ளலாம். பார்ட்லெட் வழக்கில் நடந்தது அதுதான். குறை மறைக்கப்பட்டபோது விலை நல்ல வாகனத்தின் விலைதான். ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதி, 2001இல் நோபல் பரிசும் பெற்ற வாதம் இன்னும் ஒரு படி போகிறது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே கொடுப்பார். நல்ல வாகனம் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்காமல் விலகுவார். சந்தையில் மிஞ்சுவது பழுது. அப்படியானால் பாதுகாப்பு இல்லாமை நேர்மையான வியாபாரியையும் தண்டிக்கிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. கந்தளாயிலும் மூதூரிலும் நாலைந்து வாகனம் வைத்துப் பிழைக்கும் சிறு வியாபாரிக்கு உத்தரவாதப் பொறுப்பை ஏற்றினால் அவர் கடையை மூடுவார் அல்லது விலையை ஏற்றுவார், வாங்குபவர்தான் பாதிக்கப்படுவார் என்பது. அதில் உண்மை இருக்கிறது. வருடக்கணக்கான உத்தரவாதம் கேட்பது இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் தெரிந்ததை எழுதிக் கொடுப்பதற்குச் செலவு ஒரு தாள். முதல் சில மாதங்களில் தெரியவரும் பெரும் பழுது விற்பனை நாளிலேயே இருந்தது என்று ஊகித்து, இல்லை என்று காட்டும் பாரத்தை வியாபாரி மேல் வைப்பதும் அவரை அழிக்காது. பாவித்த கார்களையும் உள்ளடக்கி 2012இல் சிங்கப்பூர் இதற்கு ஆறு மாதம் வைத்தது. அங்கே பழைய கார் வியாபாரம் தொடர்ந்து நடக்கிறது. பொய் சொல்லாத தனியாளை இந்தப் பாரத்திலிருந்து விட்டுவிடலாம். சொந்தக் காரை விற்கும் ஆசிரியரிடம் பொறியியலாளரின் அறிவை எதிர்பார்க்கக் கூடாது.

புரோக்கரைத் தாளுக்குள் கொண்டுவரும் வழியை இந்தியா காட்டியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள விதிகளின்படி பாவித்த வாகன வியாபாரி பதிவுச் சான்று பெற வேண்டும். வாகனம் அவர் கைக்கு வந்ததை அறிவிக்க வேண்டும். அது அவரிடம் இருக்கும் வரை அவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார். இங்கே ஓப்பன் பேப்பரைத் தண்டத்தால் ஒழிப்பது கடினம், காரணம் கைமாற்றச் செலவும் திணைக்களத்துக்கு அலையும் அலைச்சலும் புரோக்கரை அதன் பக்கம் தள்ளுகின்றன. இடைப்பட்டவர் தன் பெயரைக் குறைந்த கட்டணத்தில், திருகோணமலையிலேயே பதியும் வழி செய்தால் அந்தத் தூண்டுதல் குறையும். அதோடு முறைப்பாட்டுக் காலத்தைக் குறை தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இந்திய நுகர்வோர் சட்டம் இரண்டு வருடம் தருகிறது. லீசிங்கின் மதிப்பீட்டு அறிக்கையில் வாகன நிலையும் எழுதப்பட்டு, ஒரு பிரதி வாங்குபவருக்கு அவர் மொழியில் கிடைக்க வேண்டும். முழு நட்டமான வாகனத்துக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம் வேண்டும். இவற்றில் கடைசி இரண்டுக்கும் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். மத்திய வங்கியும் திணைக்களமும் மனம் வைத்தால் பணிப்புரையாலும் படிவ மாற்றத்தாலும் நடக்கும்.

அதுவரை வாங்குபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது எல்லாமே விற்பனை நாளில் செய்ய வேண்டியது. பணம் வாங்கியவர் எவரோ அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், மீற்றர் எண், ‘அடிபடவில்லை, தண்ணீரில் மூழ்கவில்லை’ என்ற வாக்கு, திகதி ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பழுது தெரிந்தால் கராஜுக்குப் போகும் முன் படம் எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கான முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், தொலைபேசி இலக்கம் 1977. விற்பனை நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.